டக் என்றதும் அணைகிறது: வீட்டில் கட்டிய மின்கார் சார்ஜர் பற்றிய கேள்வி பதில்

வீட்டில் கட்டிய சார்ஜர் பெட்டி ஓயாமல் ரீஸ்டார்ட் ஆகிறது என்று நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. முதலில் ஒன்று: உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. நாம் கட்டுவது, காருடன் பேசிவிட்டு 230 வோல்ட்டைத் திறந்துவிடும் வாயிற்காவலன் மட்டுமே. கைவைக்கும் முன் எம்.சி.பி.யை, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரை, இறக்குங்கள், காரின் கேபிளையும் கழற்றுங்கள். இதை இன்று பலமுறை சொல்வேன்.

ஈரோடு: ஈ.எஸ்.பி.32 பலகை (வைஃபை உள்ள சிறு கணினிப் பலகை), 600 மில்லி ஆம்பியர் தரும் 5 வோல்ட் சப்ளை, 5 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இரண்டு. காரைச் செருகியதும் ரிலே டக் என்று அடிக்கிறது, உடனே திரை அணைந்து முதலிலிருந்து தொடங்குகிறது. மூன்று விநாடிக்கு ஒருமுறை இதே கதை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 ஆம்பியர் வகை 5 வோல்ட் ரிலேயின் சுருள் ஏறக்குறைய 185 மில்லி ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கு 370. ஈ.எஸ்.பி.32க்கு 500 மில்லி ஆம்பியராவது தரும் சப்ளை வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. வைஃபையும் ரிலேயும் ஒரே நேரத்தில் கேட்டால் 600 எப்படிப் போதும்? மின்னழுத்தம் சரிகிறது, பலகை விழுகிறது, ரிலே விடுகிறது. சுமை போனதும் பலகை எழுகிறது, கார் மறுபடி கேட்கிறது, ரிலே மறுபடி அடிக்கிறது. எட்டு மணி நேரத்தில் 9,600 முறை! ரிலேயின் காண்டாக்ட் (உள்ளே தொட்டுப் பிரியும் முனைகள்) தாங்காது, ஒட்டிக்கொள்ளும். ஆகவே இரவில் விட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

சோதிக்கக் காரே வேண்டாம். பைலட் கம்பிக்கும் (பெட்டியும் காரும் பேசிக்கொள்ளும் கம்பி) எர்த்துக்கும் இடையே ஒரு டையோடும் 2.74 கிலோ ஓம் ரெசிஸ்டரும் தொடராக வையுங்கள். டையோடின் கோடு எர்த் பக்கம் இருக்கட்டும். பைலட்டின் நேர்மறை உச்சம் 12 வோல்ட்டிலிருந்து 9க்கு வரும்; ‘கார் வந்துவிட்டது’ என்று பொருள். அந்த ரெசிஸ்டருக்கு இணையாக 1.3 கிலோ ஓமை ஒரு சுவிட்ச் வழியே சேர்த்தால் 6 வோல்ட். ‘மின்சாரம் கொடு’ என்று பொருள். மேசையில் ஒரு பொம்மைக் கார் தயார். இப்போது ரிலே சுருளின் கம்பிகளைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் குற்றவாளி ரிலேயின் பக்கம்தான். ரிலேக்குத் தனி சப்ளை கொடுங்கள், பலகையின் 5 வோல்ட் காலருகே (பின்) 1000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள், சுருளின் குறுக்கே 1என்4007 டையோடு போடுங்கள், அதன் கோடு நேர்முனைப் பக்கம். ரிலே மாட்யூலிலேயே டையோடு இருந்தால் அது போதும்.

சென்னை, மாணவர்: ரிலே இணைக்காமலே ரீஸ்டார்ட் ஆகிறது, ஐயா.

பலகையிடமே கேளுங்கள் தம்பி. கடைசியாக ஏன் விழுந்தது என்பதை அது நினைவில் வைத்திருக்கும். தொடங்கியதும் அந்தக் காரணத்தைத் திரையில் அச்சிடுங்கள். ‘வாட்ச்டாக்’ (நிரல் சிக்கிக்கொண்டால் பலகையை ரீஸ்டார்ட் செய்யும் காவல்) என்று வந்தால் கோளாறு நிரலில். வைஃபை கிடைக்கும்வரை காத்திரு என்று ஒரு சுற்றில் மாட்டிவைத்திருப்பீர்கள். வைஃபை இல்லாவிட்டாலும் கார் சார்ஜ் ஆக வேண்டும்.

மதுரை: மாலை ஏழு மணிக்கு மேல்தான் தொல்லை. கான்டாக்டர் (ரிலேக்குப் பதிலாக வைத்த பெரிய சுவிட்ச்) கரகரக்கிறது, பிறகு ரீஸ்டார்ட். 15 ஆம்பியர் போகும்போது சாக்கெட்டில் 170 வோல்ட், மீட்டர் பலகையில் 196. லோ வோல்டேஜ்தானே?

பாதிதான் அது. 230 வோல்ட் சுருள் கொண்ட கான்டாக்டர் இழுத்துக்கொள்ள 85 விழுக்காடு, அதாவது 195 வோல்ட் வரை உறுதி. 170இல் விட்டுவிடலாம், விட்டதும் சுமை போய் வோல்ட் ஏறும், மறுபடி இழுக்கும். அந்தப் பொறியின் இரைச்சல்தான் பலகையைத் தள்ளிவிடுகிறது. சுருளின் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்2 கெபாசிட்டரும் தொடராகப் போட்டால் இரைச்சல் அடங்கும்.

ஆனால் என் கவலை வேறு. மீட்டருக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே 26 வோல்ட் எங்கே போனது? 20 மீட்டர் தூரம், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பி என்றாலும் நாலைந்து வோல்ட்டுக்கு மேல் விழாது. மீதி ஏதோ ஒரு இணைப்பில் எரிகிறது: 21 வோல்ட், 15 ஆம்பியர், 300 வாட்டுக்கு மேல். சுவருக்குள் ஒரு சிறிய இஸ்திரிப் பெட்டி! எம்.சி.பி.யை இறக்கி, ஒவ்வொரு முனையின் திருகையும் இறுக்குங்கள். கருத்த முனை இருந்தால் மாற்றுங்கள். அதுவரை சார்ஜ் வேண்டாம்.

திருப்பூர்: இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? நிரலில் ஒரு வரி எழுதி பிரவுன்-அவுட் கண்காணிப்பை அணைத்துவிட்டேன். ரீஸ்டார்ட் நின்றுவிட்டது.

நின்றது ரீஸ்டார்ட், கோளாறு அப்படியேதான் இருக்கிறது. வோல்ட் குறையும்போது பலகையைப் படுக்கவைப்பதுதான் அந்தக் கண்காணிப்பின் வேலை. அது இல்லாவிட்டால் அரைமயக்கத்தில் பலகை என்ன செய்யும் என்று எவராலும் சொல்ல முடியாது. ரிலேயை இயக்கும் கால் அப்படியே உறைந்து நின்றால், காரிலிருந்து கழற்றிய கன்னில் (காரில் செருகும் கேபிள் முனையில்) 230 வோல்ட் இருக்கும்.

திருச்சி: எனக்கும் அந்த ஒரு வரிதான் கைகொடுத்தது. திருப்பூர்க்காரர் பக்கம் நான்.

ஓட்டெடுப்பு நடக்கவில்லை ஐயா.

சேலம்: ரிலே அடித்ததும் ரீஸ்டார்ட். என்ன செய்வது?

ஈரோட்டுக்காரருக்குச் சொன்னது.

நாகர்கோவில்: என் மின்ஸ்கூட்டரின் சார்ஜர் சூடாகிறது.

அது வேறு சாதனம், பேட்டரிக்கே நேராக மின்சாரம் தருவது. பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

கரூர்: எர்த் சரியில்லை என்று கார் மறுத்தது. பெட்டிக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டினேன், ஏற்றுக்கொண்டது. இப்போது ரீஸ்டார்ட் மட்டும்தான் தொல்லை.

ரீஸ்டார்ட்டை விடுங்கள். இந்த நிமிடமே அதைப் பிரியுங்கள்! நியூட்ரல் வழியில் எங்காவது அறுந்தால் காரின் உடல் முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். குழந்தை கதவைத் தொடும். எர்த் குழியைச் சரிசெய்ய எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். அவர் வந்து போகும்வரை இந்தப் பெட்டியைப் பற்றி நான் பேச மாட்டேன்.

திருப்பூர்: இரண்டு மாதமாக ஒழுங்காக ஓடுகிறதே, பிறகு ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பயமுறுத்தவில்லை, அளக்கச் சொல்கிறேன். கேபிளைக் கழற்றி, எம்.சி.பி.யை இறக்கி, ஒரு நிமிடம் பொறுத்து, ரிலேயின் உள்முனைக்கும் வெளிமுனைக்கும் இடையே மீட்டரை ஓமில் வையுங்கள். திறந்த ரிலே எல்லை தாண்டியதாகக் காட்ட வேண்டும்.

சேலம்: ஈரோட்டுக்காரருக்கு என்ன சொன்னீர்கள்?

மேலே இருக்கிறது. எம்.சி.பி.யை இறக்கிவிட்டுப் படியுங்கள்.

திருப்பூர்: வைத்துப் பார்த்தேன். ஒரு ரிலே 0.3 ஓம் காட்டுகிறது.

ஒட்டிக்கொண்டது. இரண்டு ரிலேயையும் மாற்றுங்கள், சப்ளையைப் பெரிதாக்குங்கள், அந்த ஒரு வரியை அழியுங்கள். திருச்சிக்காரரும் தம் பெட்டியை இப்படியே அளக்கட்டும்.