முதல் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

தண்டையார்பேட்டையில் தொழிலாளர் வழக்குகளும் மருத்துவ அலட்சிய வழக்குகளும் நடத்திவருகிறேன். வேலையிடத்திலும் மருத்துவமனையிலும் நம் உடம்புக்கு யார் பொறுப்பு என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கொருக்குப்பேட்டை, கன்டெய்னர் கிடங்குத் தொழிலாளி: வக்கீலம்மா, கன்டெய்னர் கதவில் சிக்கி வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. காண்டிராக்டர் ஒரு கிளினிக்கில் சேர்த்து, "ஸ்கூட்டரில் விழுந்ததாகச் சொல், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அப்படியே சொன்னேன். இப்போது கம்பெனி, "நீ எங்கள் ஆளே இல்லை" என்கிறது.

கம்பெனியின் பேச்சு நிற்காது. தன் தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தத்துக்கு விட்ட முதலாளி, அந்த வேலையில் அடிபட்டவருக்குத் தானே இழப்பீடு தரவேண்டும். பிறகு காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு இதைச் சொன்னது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே கொள்கைதான். முதலாளி தவறு செய்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையால், வேலையின்போது அடிபட்டது என்று காட்டினால் போதும். இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவு இருந்தால் மட்டும் வழி மாறும், பணம் அங்கிருந்து வரும்.

உங்கள் சிக்கல் அந்த ஸ்கூட்டர். கிளினிக் சீட்டில் அது ஏறிவிட்டது. ஆனால் சாலை விபத்து என்றால் எந்தத் தெரு, யார் வண்டி, காவல் நிலையத்துக்கு ஏன் தகவல் போகவில்லை? இதற்கெல்லாம் அவர்களிடம் பதில் இராது. அன்றைய வருகைப் பதிவு, கேட்டில் வெளியே போன நேரம், கூட நின்ற இருவரின் வாக்குமூலம் ஆகியவற்றைச் சேகரியுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதி இரண்டு முதலாளிகளுக்கும் இந்த வாரமே ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

எல்லோருக்குமாகச் சொல்கிறேன். அவசரப் பிரிவில் ஏ.ஆர். என்னும் விபத்துப் பதிவை எழுதும்போது எங்கே, எந்த வேலையில், எந்த இயந்திரத்தில் அடிபட்டது என்பதை நீங்களே சொல்லுங்கள். வலியில் துடிப்பவருக்காகக் கூட வந்தவர் பேசுவார். பெரும்பாலும் அவர் மேஸ்திரியாகத்தான் இருப்பார். ஏ.ஆர். நகலைக் கேட்டு வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

வியாசர்பாடி, லேத் பட்டறை: சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், அட்டை தரவில்லை.

பிடித்த பணத்தை அவர் கட்டாமல் விட்டது அவர் குற்றம். அதற்காக உங்கள் உரிமை போய்விடாது. சம்பளச் சீட்டுடன் இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, துணிக்கடை விற்பனையாளர்: நாள் முழுக்க நிற்கிறோம். கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தாலும் திட்டு விழுகிறது.

2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர் எல்லோருக்கும் இருக்கை தரவேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இது முதலாளி காட்டும் சலுகை அன்று. தனியாகப் போய்ப் பேசாதீர்கள், எல்லோரும் சேர்ந்து தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளருக்கு எழுதுங்கள்.

திருவொற்றியூர், வீட்டு உரிமையாளர்: கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டது. ஒருவர் தானே இறங்குகிறேன் என்கிறார். எழுதி வாங்கிக்கொண்டால் எனக்குப் பொறுப்பு இல்லைதானே?

இறக்காதீர்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்த 2013 சட்டப்படி குற்றம். அவர் சம்மதித்தார் என்று எழுதி வாங்கிய தாள் எதற்கும் உதவாது. மூடியைத் திறந்ததும் வரும் அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் மேலே வருவதில்லை, தூக்கப் போகும் இரண்டாமவரும் வருவதில்லை. சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023இல் உயர்த்தியது. அந்தத் தொகையால் ஒரு பிள்ளைக்கும் அப்பா திரும்பி வரவில்லை. கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள்.

கொடுங்கையூர்: பட்டாவில் பெயர் மாற்றம்...

என் துறை அன்று. வட்டாட்சியர் அலுவலகம் போங்கள்.

ராயபுரம்: அக்காவுக்கு ஒரு அரசு மருத்துவமனையில் சிசேரியன் நடந்தது. வயிற்றில் பஞ்சுத் துணியை வைத்துத் தைத்துவிட்டார்கள். வேறு இடத்தில் மறுபடி திறந்து எடுத்தார்கள். இலவசமாகப் பார்த்தவர்களை எப்படிக் கேட்பது என்று வீட்டில் தயங்குகிறார்கள்.

கேட்கலாம், கேட்கவேண்டும். எல்லோருக்கும் முழுக்க இலவசமான மருத்துவமனை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 1995இல் தீர்ப்பானது. அதனால் நுகர்வோர் ஆணையம் இல்லை. உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் இப்படித் துணி விட்டுத் தைத்து ஒரு பெண் இறந்த வழக்கில், அரசே பொறுப்பு என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவ ஆவணங்களை எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தரவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுங்குமுறை விதி. இரண்டாவது மருத்துவமனையின் அறுவைக் குறிப்பு மிக முக்கியம்.

அரசு மருத்துவமனை, பயிற்சி மருத்துவர்: மேடம், இப்படிச் சொன்னால் நாளைக்கு ஆபத்தான கேஸை யார் தொடுவார்கள்? விடிய விடிய நின்று, அடுத்த பகலும் நிற்கிறோம். குற்றவாளிக் கூண்டில் மட்டும் நாங்களா?

உங்கள் பயம் நியாயமானது. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்காகவே வேலி போட்டது: மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் கிரிமினல் வழக்கு, அதுவும் சார்பற்ற மருத்துவரின் கருத்து கேட்ட பிறகு. நோயாளி பிழைக்கவில்லை என்பதே அலட்சியம் ஆகாது. சராசரித் திறமையுள்ள மருத்துவர் செய்வதைச் செய்தாரா என்றுதான் பார்ப்பார்கள். துணியை உள்ளே விடுவது அதில் தேறாது.

அறுவை அரங்கு செவிலியர்: துணி எண்ணுவது நாங்கள். திறக்கும் முன் பலகையில் எழுதுவோம், தைக்கும் முன் மறுபடி எண்ணுவோம். குறைந்தால் தைக்கவிடக் கூடாது. ஆனால் அடுத்த தாய் ஸ்ட்ரெச்சரில் காத்திருக்கும்போது, "எல்லாம் சரியாகத்தான் இருக்கும், தையுங்கள்" என்று ஒரு குரல் வரும். அப்போது என்ன செய்வது?

பயிற்சி மருத்துவர்: அந்தக் குரலும் தூங்காதவர் குரல்தான். ஆள் போதவில்லை என்று எழுதினால் மெமோ எங்களுக்குத்தான் வரும்.

சிஸ்டர், எண்ணிக்கை சரியில்லை என்று உரக்கச் சொல்லுங்கள், குறிப்பேட்டில் நேரத்துடன் எழுதுங்கள். டாக்டர், நீங்களும் எழுதுங்கள். தனியாக எழுதினால்தான் மெமோ. பத்துப் பேர் கையெழுத்திட்டால் அது மனு. ரயிலிலிருந்து விழுந்தவரைக் கொல்கத்தா அரசு மருத்துவமனைகள் படுக்கை இல்லை என்று அலையவிட்ட வழக்கில், பணமில்லை என்பது அரசுக்குச் சாக்காகாது என்று 1996இல் தீர்ப்பு வந்தது. ஆள் இல்லை என்பதற்கும் அது பொருந்தும் என்றே வாதாடுவேன். மருத்துவமனை உங்களுக்கும் வேலையிடம். கன்டெய்னர் கிடங்குக்காரர் தன் தொழிலாளிக்குக் கடமைப்பட்டிருப்பதுபோல அரசு உங்கள் தூக்கத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறது. அதைக் கேட்க நீங்கள் எழுந்தால் கூட நிற்பேன். ஆனால் அந்தத் தாயின் வழக்கைக் கைவிடச் சொல்லாதீர்கள். அவருடைய வழக்குதான் உங்கள் ஆள் பற்றாக்குறையை நீதிமன்றம் வரை கொண்டுபோகும்.

எண்ணூர்: 2023 டிசம்பரில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து இரவில் ஓடினோமே, நாங்கள் அங்கே வேலை செய்பவர்கள் இல்லை. எங்களுக்கு உரிமை உண்டா?

உண்டு. அபாயகரமான தொழில் நடத்துபவர் என்ன முன்னெச்சரிக்கை எடுத்திருந்தாலும், அதனால் அக்கம்பக்கத்தார் யார் பாதிக்கப்பட்டாலும் முழுப் பொறுப்பு அவருக்கே என்று ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்று சிகிச்சை பெற்ற சீட்டு இருக்கிறதா என்று தேடுங்கள்.

காசிமேடு: தம்பிக்கு ஐஸ் உடைக்கும் இயந்திரத்தில் கை...

ஏ.ஆர். நகல் வாங்கினீர்களா? முதல் பதிலைப் படியுங்கள்.

தண்டையார்பேட்டை: மாமாவுக்கு வெல்டிங்கில் கண்...

ஏ.ஆர். நகல். முதல் பதில். கேட்கும் முன் தயவுசெய்து படியுங்கள்.

மணலி: கணவர் வேலையில் இறந்து பத்து நாள் ஆகிறது. நாளை காலை ஐம்பதாயிரம் கொண்டுவருகிறார்களாம், வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டுமாம். வீட்டில் அரிசி இல்லை.

அம்மா, கையெழுத்துப் போடாதீர்கள். இறப்புக்கான இழப்பீட்டை முதலாளி உங்கள் கையில் கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது. அதற்குரிய அதிகாரியிடம் செலுத்தவேண்டும். தொகையும் அவருடைய சம்பளம், வயது ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படும், ஐம்பதாயிரத்தைவிடப் பலமடங்கு வரும். வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அவருடைய ஆதார், சம்பளம் வந்த வங்கிப் புத்தகம், இறப்புச் சான்று, பிரேதப் பரிசோதனை நகல், எது கையில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள். அவர்கள் வீட்டுக்கு வரும்போது நீங்கள் அங்கே இருக்கவேண்டாம்.