வாசகர் கேள்வி பதில்: காட்டித் தந்த இடத்தைப் பகிரலாமா?

கேள்வி: எங்கள் தொடர்மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தூண்டில் போட அழைத்துச் செல்வார். பொல்கொட வாவியோரத்தில் அவர் பல வருடங்களாகப் போய்வரும் ஓரிடத்தில், சென்ற மாதம் எனக்கு முதன்முதலாக ஒரு பெரிய கொடுவா பட்டது. மகிழ்ச்சியில் மீனின் படத்தையும் வரைபடக் குறியையும் 400 பேர் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் அங்கே நிற்கவும் இடமில்லை. பெரியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அதன் பின் என்னை அழைக்கவுமில்லை. வாவி எல்லோருக்கும் பொதுவானதுதானே? நான் செய்தது பிழையா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: பிழைதான். வாவி பொதுவானது என்பதில் எனக்கும் ஐயமில்லை; ஆனால் அந்த வாவியின் எந்த மூலையில், நீர் ஏறும்போதா வடியும்போதா, எந்த இரைக்குக் கொடுவா வரும் என்பது அந்தப் பெரியவர் எத்தனையோ வெறுங்கை நாட்களைக் கழித்துத் தேடிக்கொண்ட அறிவு. அதை அவர் உங்கள் ஒருவரிடம் நம்பிக் கொடுத்தார். நான் களனி கங்கை கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கு அருகே வளர்ந்தவன். கரையிலுள்ள கோபுரத்தையும் மரத்தையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்துக் கடலடிப் பாறைத் திட்டான பாரின் இடத்தைக் கண்டுபிடிக்கும் கடற்றொழிலாளிகள் அந்தக் குறியைத் தம் மகனுக்கோ மருமகனுக்கோ மட்டுமே சொல்வதை அங்கே கண்டிருக்கிறேன். அது கஞ்சத்தனம் என்று சிறுவயதில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

மனிதரின் மனவருத்தத்தோடு மீனின் கதையையும் நீங்கள் அறிய வேண்டும். சிங்களத்தில் மோதா எனப்படும் கொடுவா ஆணாகவே முதிர்ச்சியடைந்து, சில வருடங்கள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். ஆகவே நீங்கள் படம் எடுத்து மகிழ்ந்ததைப் போன்ற பெரிய கொடுவாக்களில் பெரும்பாலானவை முட்டையிடும் தாய்கள். அவை இனப்பெருக்கத்துக்காக உப்புநீர் கலக்கும் கழிமுகங்களை நோக்கி இறங்கும். பொல்கொட வாவியின் நீர் கடலைச் சேர்வது பாணந்துறையில். அத்தகைய மீன்கள் தங்கிச் செல்லும் ஒரு வளைவை நாலைந்து பேர் அறிந்திருந்தால், பிடிபட்டதில் சிலவற்றையாவது திரும்ப விடும் பழக்கம் அவர்களிடையே நிலைக்கும். நாற்பது பேர் வரிசையில் நின்றால், நான் விட்டதை அடுத்தவர் பிடிப்பார் என்ற எண்ணமே மேலோங்கும். அதோடு அந்தக் கரையில் குடியிருப்போரின் படலையை மறித்து வாகனங்கள் நிற்கும். அறுந்த தங்கூசி, அதாவது தூண்டில் நரம்பு, பற்றைகளில் தொங்கிப் பறவைகளின் காலில் சுற்றும். இவ்வளவும் ஒரு வரைபடக் குறியின் விளைவு.

இப்போது செய்யக்கூடியது: பதிவை நீக்க முடிந்தால் உடனே நீக்குங்கள். பிறகு பெரியவரின் வீட்டுக்கு நேரில் செல்லுங்கள். குறுஞ்செய்தியில் மன்னிப்புக் கேட்க வேண்டாம். “உங்களிடம் கேட்காமல் போட்டுவிட்டேன், ஐயா” என்பதற்கு மேல் காரணம் எதுவும் கூற வேண்டாம். முடிந்தால் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போய், கிடக்கும் நரம்பையும் பொலித்தீனையும் பொறுக்கிவிட்டு வாருங்கள். அவர் உங்களை மறுபடியும் அழைப்பாரா என்பது அவருடைய விருப்பம்.

கேள்வி: மீன் படத்தைப் போட்டதும், முன்பின் அறியாதவர்கள் “இடம் எங்கே?” என்று தனியாகக் கேட்கிறார்கள். சொல்ல மறுத்தால் மரியாதைக் குறைவாகுமா?
– வாசகி, தெஹிவளை

பதில்: மறுப்பதில் மரியாதைக் குறைவு இல்லை, பொய் சொல்வதில்தான் இருக்கிறது. தொல்லை தவிர்க்கவென்று வேறோர் இடத்தைச் சொல்லி அனுப்புவோரை நான் அறிவேன். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் நம் கடல் கொந்தளிக்கும் காலத்தில், பழக்கமில்லாத ஒருவரை வழுக்குப் பாறைக்கு அனுப்பிவைப்பது உயிரோடு விளையாடுவதாகும். “இடம் எனக்கு ஒருவர் காட்டித் தந்தது, அதனால் சொல்ல இயலாது” என்றால் போதும். ஆனால் அதோடு கதவைச் சாத்திவிடாதீர்கள். எந்த இரை, எவ்வளவு கனமான நரம்பு, நீரோட்டம் எப்படி இருந்தது என்பவற்றைத் தாராளமாகச் சொல்லுங்கள். புதிதாக வருபவர் என்றால், எல்லோரும் அறிந்த ஒரு கரைக்கு நீங்களே ஒருநாள் கூட்டிப்போங்கள். கேட்பவருக்கும் ஒரு முறை உண்டு: தான் எங்கே முயன்றார், என்ன படவில்லை என்பதைச் சொல்லிவிட்டுக் கேட்பவருக்கு உதவ யாருக்கும் மனம் வரும்.

கேள்வி: இடத்தின் பெயரை எழுதாமல் படத்தை மட்டும் போட்டால் போதுமா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: போதாது. கைத்தொலைபேசியில் இட அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், கமரா அகலாங்கு நெட்டாங்குகளைப் படத்தின் கோப்பிலேயே எழுதிவிடும். படத்தை ஆவணமாக அனுப்பும்போது அந்தக் குறிப்பும் கூடவே போகும். ஆகவே கமராவின் இட அனுமதியை நிறுத்திவிடுங்கள். பின்னணியில் பாலமோ கோபுரமோ தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்; பழகிய கண்ணுக்கு ஒரு மதகின் ஓரம் போதும். வாவியின் பெயரோடு நிறுத்திக்கொள்வது நியாயமான அளவு என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது: வெடிவைத்தோ நஞ்சிட்டோ மீன் பிடிப்பதைக் கண்டால், அது 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டப்படி குற்றம்; அந்த இடத்தைக் குழுவில் போடாமல், துல்லியமான குறியோடு கடற்றொழில் திணைக்களத்துக்கோ பொலிஸாருக்கோ அன்றே அறிவியுங்கள்.