பெங்களூரில் தண்ணீர்: கேட்டவையும் பதில்களும்

பெங்களூர் தமிழ்க் குடும்பங்கள் தண்ணீரைப் பற்றி அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவான சில.

அல்சூர் வாசகி: காவிரித் தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருமுறைதான் வருது. முதல்ல வர்றது சாக்கடை நாத்தம் அடிக்குது. கொதிக்க வைச்சா போதுமா, சார்?

கொதித்தால் கிருமி சாகும், அழுக்கு போகாது அம்மா. தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கும். விரிசல் உள்ள இடத்தில் பக்கத்துச் சாக்கடை நீரை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த முறை குடிநீர் வாரியம் திறந்துவிடும்போது முதலில் உங்கள் வீட்டுக்கு வருவது அதுதான். அதனால் முதல் ஐந்து நிமிடத் தண்ணீரைச் சம்பு என்ற நிலத்தடித் தொட்டிக்குள் விடாமல் வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு வையுங்கள்.

சம்புக்குள் ஏற்கெனவே போயிருந்தால் முழுக்க வடித்துச் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு ராத்திரி விட்டு, வடித்துவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. அன்றாடக் குடிநீருக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் போதும், அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பழைய, ஈரம் ஏறிய பவுடரில் குளோரின் இருக்காது. ஊரில் பலர் ஏமாறுவது இங்கேதான்.

வாரியத்தின் 1916-க்குப் புகார் சொல்லி எண் வாங்குங்கள். தெருவில் எந்தெந்த வீட்டில் நாற்றம் என்று குறித்துக் கொடுத்தால் விரிசல் எங்கே என்று பொறியாளர் சீக்கிரம் கண்டுபிடிப்பார்.

ஒயிட்ஃபீல்ட் வாசகர்: பக்கத்து மனைக்காரர் ஆழமா போர் போட்டு நாள் முழுக்க டேங்கர் நிரப்புறார். எங்க போர் வத்திப்போச்சு. "என் நிலம், என் தண்ணி" என்கிறார். உண்மையா?

பாதி உண்மை, அதுவும் பழைய சட்டத்தின் பாதி. 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி, நிலத்துக்குக் கீழே வரையறுத்த வாய்க்காலாக ஓடாத நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமை நில உரிமையாளருக்கு உண்டு. இறைவை மாட்டைக் கட்டி இறைத்த காலத்துச் சட்டம் அது. ஆயிரம் அடி போரும் டேங்கர் வியாபாரமும் அன்று யார் கனவிலும் இல்லை.

மறுபக்கம், 1991-ல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாசற்ற நீரை அரசியல் சட்டப் பிரிவு 21-ன் வாழ்வுரிமையோடு சேர்த்தது. 1996-ல், இமாசலத்தில் ஒரு விடுதிக்காக பியாஸ் ஆற்றின் போக்கையே திருப்பிய வழக்கில், இயற்கை வளங்களுக்கு அரசு பொறுப்பாளர்தான், உரிமையாளர் அல்ல என்றது. நிலத்தடி நீருக்கும் அது பொருந்துமா? பாலக்காட்டுப் பிளாச்சிமடையில் கோகோ-கோலா ஆலை நிலத்தடி நீரை எடுத்த விவகாரத்தில் 2003-ல் கேரள உயர் நீதிமன்றத் தனி நீதிபதி பொருந்தும் என்றார். 2005-ல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு அதை ஏற்கவில்லை. எனவே நீதிமன்றத் தீர்ப்பை மட்டும் நம்பி நிற்காதீர்கள்.

கையில் இருக்கும் கருவி கர்நாடகாவின் 2011 நிலத்தடி நீர்ச் சட்டம். அறிவிக்கப்பட்ட பகுதிகளில் புதுப் போர் தோண்ட அனுமதி வேண்டும், இருக்கும் போரைப் பதிவு செய்யவும் வேண்டும். "இந்த சர்வே எண்ணில் எத்தனை போர் பதிவாகியுள்ளது, அனுமதி எந்தப் பயன்பாட்டுக்கு?" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில் வர வேண்டும். கர்நாடக விதிப்படி மனு 150 சொல்லுக்குள், ஒரே பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும். நீட்டி எழுதினால் அதைச் சொல்லியே திருப்பி அனுப்புவார்கள்.

கூடவே, டேங்கர் நுழையும் நேரம், வண்டி எண், கொள்ளளவு மூன்றையும் பத்து நாள் எழுதி வையுங்கள். வியாபார அளவில் இறைப்பதைக் காட்ட அந்த நோட்டு வேண்டும்.

கே.ஆர். புரம் வாசகர்: 30-க்கு 40 சைட். மழைநீர் சேகரிப்புன்னு பிளம்பர் ஒரு பைப் வைச்சுட்டுப் போயிட்டார். இவ்வளவுதானா?

இல்லை. புதுக் கட்டடமாக இருந்தால் 30-க்கு 40 அடி மனைக்கே மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பழைய கட்டடத்துக்கு 60-க்கு 40-லிருந்து.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 1,200 சதுர அடி மொட்டை மாடி சுமார் 111 சதுர மீட்டர். பெங்களூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 970 மி.மீ. பெய்கிறது. ஆவியாகி, சிதறிப் போவதைக் கழித்தால் ஏறத்தாழ 86,000 லிட்டர் கிடைக்கும். 6,000 லிட்டர் டேங்கரில் பதினான்கு வண்டிக்கு மேல்.

முதல் மழையில் தூசியும் பறவை எச்சமும் வரும். முதல் இரண்டு மில்லிமீட்டரை ஒதுக்க வேண்டும். உங்கள் மாடிக்கு அது 220 லிட்டர். பிளம்பர் வைத்த நாலு அங்குலக் குழாய் மீட்டருக்கு எட்டு லிட்டர்தான் கொள்ளும். எனவே அதோடு 200 லிட்டர் டிரம் ஒன்றை, அடியில் வடிகுழாயோடு வையுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வடிக்காவிட்டால் அது இருந்தும் பயனில்லை.

சம்பு நிரம்பி வழிவதை, மண்ணுக்குள் நீரை இறக்கும் உறைகிணறுக்கு விடுங்கள். மூன்று அடி விட்டம், இருபது அடி ஆழம் என்றால் சுமார் 4,000 லிட்டர் கொள்ளும். உறைகளுக்கு இடையே சிமெண்ட் பூசாதீர்கள், அடியில் கான்கிரீட் போடாதீர்கள். உறைக்கும் மண்ணுக்கும் இடையே மட்டும் ஜல்லி. கிணற்றுக்குள்ளேயே ஜல்லியைக் கொட்டுகிறவர்கள் உண்டு. பாதிக்கு மேல் இடம் போய்விடும், வண்டல் அடைத்தால் எடுக்கவும் முடியாது. செப்டிக் டேங்கிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

மழைநீரை நேரே போர்வெல் குழாய்க்குள் விடுங்கள் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். மண் வடிகட்டும் வேலை நடக்காமல் மாடி அழுக்கு ஆழத்து நீருக்கே போய்ச் சேரும். அது உங்கள் தெரு முழுவதும் குடிக்கும் நீர்.

பெயர் வேண்டாம் என்றவர்: எங்க குடிசைப் பகுதிக்குப் பட்டா இல்லை. குழாய் கேட்டா இல்லைங்கிறாங்க.

பட்டா வேறு, தண்ணீர் வேறு. 2014 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம், அனுமதியற்ற குடிசையில் இருப்பதாலேயே குடிநீரை மறுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு இங்கே நேரடியாகக் கட்டுப்படுத்தாது, ஆனால் மேற்கோள் காட்டலாம். தனித்தனியாகப் போகாமல், ஐம்பது வீட்டார் கையெழுத்தோடு பொதுக் குழாய் கேட்டு மனு கொடுத்து, முத்திரை இட்ட நகலை வாங்கி வையுங்கள். நகல் இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

ஹொரமாவு வாசகர்: காவிரின்னு பேச்சு வந்தாலே தமிழங்க நாங்க வாயை மூடிக்கிறோம். யாருடைய தண்ணி அது?

2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறு தேசத்தின் சொத்து, எந்த மாநிலமும் தனக்கே என்று சொல்ல முடியாது. அதே தீர்ப்பில் பெங்களூர்க் குடிநீருக்காக 4.75 டி.எம்.சி. சேர்த்துத் தரப்பட்டது. நாளைக்குச் சுமார் 37 கோடி லிட்டர். இந்த ஊரில் வாழும் தமிழரும் குடிப்பது அதில்தான், அதனால் வாய் மூட வேண்டியதில்லை.

இன்னொரு ஆற்றையும் சேர்த்துப் பேசுங்கள். நம் சாக்கடையில் கணிசமான பங்கு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாக நிற்கிறது. அந்த நீரை வயலுக்குப் பாய்ச்சுகிறவர்கள் நம் சொந்தங்கள்.

உங்கள் அடுக்ககத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் இந்த வாரமே ஒரு சோதனை செய்யுங்கள். காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். பழுப்பு வண்டல் கால் பங்கு போல அடியில் படிந்து, மேலே நீர் தெளிந்திருந்தால் நுண்ணுயிர் உயிரோடு இருக்கிறது. கறுத்து நாறினால் காற்று போதவில்லை. மின்கட்டணம் மிச்சம் பிடிக்க ராத்திரியில் காற்று ஊதும் ப்ளோயரை நிறுத்துவதே வழக்கமான காரணம். ப்ளோயருக்குத் தனி மீட்டர் வைத்து, காலை ஆறு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் அளவு குறித்து வந்தால், எந்த ராத்திரி நிறுத்தினார்கள் என்று தெரிந்துவிடும்.