மூன்று ஹாலிஃபாக்ஸ்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் லண்டன் போயிருந்தபோது மகளோடு ஹெண்டனில் உள்ள ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனேன். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் அடியில் நின்று இருவரும் வாயடைத்துப்போனோம். அதே அருங்காட்சியகத்தில் ஹாலிஃபாக்ஸ் என்று இன்னொரு குண்டுவீச்சு விமானத்தைக் கிடத்தி வைத்திருக்கிறார்கள். பெயின்ட் இல்லை, தகடெல்லாம் கிழிந்து நசுங்கிக் கிடக்கிறது. பழைய இரும்புக்கடையில்கூட இதைவிட ஒழுங்காக வைத்திருப்பார்கள். இவ்வளவு வசதி உள்ளவர்கள் இதைச் சரிசெய்யக் கூடாதா?

இன்னொன்று. பறப்பதற்காகச் செய்த பொருளைக் கூரைக்கடியில் நிறுத்திவைத்துப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? பறந்தால்தானே விமானம்? அடுத்தமுறை வேறொரு விமான அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்கிறாள் மகள். எதை, எப்படிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்களுக்கு எரிச்சலூட்டிய அந்த விமானம்தான் என்னைக் கேட்டால் ஹெண்டனிலேயே முதலில் பார்க்க வேண்டியது.

1942 ஏப்ரல் 27 இரவு, நார்வேயில் ட்ரொண்ட்ஹெய்ம் அருகே பதுங்கி நின்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் டிர்பிட்ஸைத் தாக்கப் போன விமானங்களில் அதுவும் ஒன்று. அதற்கு அதுதான் முதல் போர்ப்பயணம். கீழிருந்து சுட்டதில் தீப்பிடித்தது. ஊர் திரும்ப வழியில்லை என்று தெரிந்ததும் விமானி அதை ஹோக்லிங்கன் என்ற ஏரியின் உறைபனி மேல் வயிற்றால் சறுக்கி இறக்கினார். உள்ளே இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். காலில் அடிபட்ட ஒருவர் ஜெர்மானியரிடம் சிக்கினார், மற்றவர்கள் பனியில் நடந்தே ஸ்வீடனுக்குத் தப்பினார்கள். பனி இளகியதும் விமானம் ஏரிக்குள் போய்விட்டது. 1973இல்தான் வெளியே எடுத்தார்கள். சில பாகங்களைச் சீர்செய்யவும் தொடங்கினார்கள். பிறகு அதை நிறுத்தி, ஏரியிலிருந்து வந்த கோலத்திலேயே வைப்பதென்று முடிவாயிற்று.

சரிசெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கிழிந்த தகடுகள்தான் முதலில் குப்பைக்குப் போயிருக்கும். அந்த இடத்தில் புதுத் தகடு, புது ஆணி, புது பெயின்ட். இன்னொரு பளபளப்பான விமானம் கிடைத்திருக்கும், 1942இன் அந்த இரவு கிடைத்திருக்காது.

ஹாலிஃபாக்ஸ் 6,000க்கு மேல் செய்யப்பட்டது. போர் முடிந்ததும் ஈவிரக்கமில்லாமல் உடைத்து உருக்கிவிட்டார்கள். முழுசாக ஒன்றுகூடத் தப்பவில்லை. இன்று பார்க்கக் கிடைப்பவை மூன்று. ஒன்று நீங்கள் பார்த்தது. இன்னொன்று கனடாவில், ட்ரெண்டனில். 1945 ஏப்ரலில் நார்வே எதிர்ப்புப் படைக்குப் பொருள் போட்டுவிட்டுத் திரும்பும்போது சுடப்பட்டு மியோசா ஏரியில் விழுந்தது அது. ஆறு பேரில் ஒருவர்தான் பிழைத்தார். 1995இல் ஏரியின் ஆழத்திலிருந்து தூக்கி, பத்து ஆண்டுகள் உழைத்து முழுதாகப் புதுப்பித்துவிட்டார்கள். நீங்கள் ஆசைப்படுவது இந்த வகை. விமானத்துக்குள் யார் எங்கே உட்கார்ந்தார்கள், எவ்வளவு இடுக்கில் உட்கார்ந்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், எல்விங்டனில் இருக்கிறது. ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் ஒரு ஹாலிஃபாக்ஸின் உடல்பகுதியைக் கோழிக்கூண்டாக வைத்திருந்தார்கள். அதை வாங்கி, ஹேஸ்டிங்ஸ் என்ற வேறொரு விமானத்தின் இறக்கைகளைப் பொருத்தி, மீதியைக் கையால் செய்து, முழு விமானமாக நிறுத்திவிட்டார்கள். ‘பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை’ என்று வேண்டுமென்றே அபசகுனப் பெயர் சூட்டப்பட்டு, 128 முறை போருக்குப் போய்த் திரும்பிய ஒரு ஹாலிஃபாக்ஸின் வேஷத்தை இதற்குப் போட்டிருக்கிறார்கள். அசல் விமானத்தைப் போருக்குப் பின் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள், பிறகு அதையும் உடைத்தார்கள். காப்பாற்றி வைக்கும் புத்தி அன்று இருந்திருந்தால் கோழிக்கூண்டைத் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை.

மூன்றுமே சரிதான் என்பேன், மூன்று இருப்பதால். ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தால் ஹெண்டன் வழிதான் என் கட்சி.

பறப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். எண்பது வயது விமானம் பறக்க அனுமதி பெற வேண்டுமானால் அரித்த உத்தரங்கள், ஒயர்கள், ரப்பர் குழாய்கள் எல்லாம் மாற வேண்டும். மோஸ்கிட்டோவைப் பாருங்கள். அது மரத்தால் ஆன போர்விமானம். பழைய மரத்தையும் பசையையும் நம்பி யாரும் ஏற மாட்டார்கள். அதனால் நியூசிலாந்தில் மர உடலைப் புதிதாகவே செய்து, பழைய உலோகப் பாகங்களைப் பொருத்தி, 2012இல் ஒன்றைப் பறக்கவிட்டார்கள். மெர்லின் எஞ்சின் இரண்டும் சேர்ந்து உறுமுவதைக் கேட்க எனக்கும் ஆசைதான். அந்தச் சத்தத்தை எந்தக் கண்ணாடிப் பெட்டியும் தராது. ஆனால் 1940 நவம்பரில் முதன்முதலில் பறந்த மோஸ்கிட்டோ இன்னும் இருக்கிறது. அதைப் பறக்கவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் வாசலில் படுத்து மறிப்பேன்.

பறக்கும் பழைய விமானம் என்றாவது விழும். பிரிட்டனில் கடைசியாகப் பறந்துகொண்டிருந்த மோஸ்கிட்டோ 1996இல் விழுந்தது, இருவர் இறந்தார்கள். 2019இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பயணிகளை ஏற்றிப் போன பி-17 என்ற பழைய குண்டுவீச்சு விமானம் விழுந்து ஏழு பேர். 2022இல் டாலஸ் விமானக் காட்சியில் இன்னொரு பி-17 மீது வேறொரு பழைய விமானம் மோதி ஆறு பேர். விமானம் போனதைவிட மனிதர்கள் போனதுதான் எனக்கு வலிக்கிறது. வல்கன் குண்டுவீச்சு விமானத்தை 2007 முதல் 2015 வரை பறக்கவிட்டு, செய்த நிறுவனங்களின் தொழில்நுட்ப ஆதரவு நின்றதும் தரையில் நிறுத்திவிட்டார்களே, அது கௌரவமான ஓய்வு.

சும்மா நிறுத்திவைப்பதும் சும்மா இல்லை. ஆங்கிலக் கால்வாயில் 1940 முதல் கிடந்த டோர்னியர் 17 ரக ஜெர்மன் விமானத்தை 2013இல் எடுத்தார்கள். அந்த ரகத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். கடலுப்பு ஊறிய அலுமினியம் காற்றுப் பட்டால் செதில் செதிலாக உதிரும். அதனால் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்து, எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரை மாதக்கணக்கில் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். நன்னீர் ஏரியில் கிடந்த ஹாலிஃபாக்ஸ்களுக்கு இந்தப் பாடு இல்லை. அமெரிக்காவின் டூசானில் உள்ள பீமா அருங்காட்சியகத்தில் வெயிலில் நிற்கும் பல விமானங்களின் கண்ணாடிகள் வெள்ளையாகப் பூசப்பட்டிருக்கும். உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்று குறைசொல்வார்கள். சூடும் வெளிச்சமும் இருக்கைத் துணியைத் தின்றுவிடும் என்பதால் பூசியது அது.

பளபளப்பிலும் ஒரு கேடு உண்டு. அந்தக் காலத்து விமானத் தகடு பலவற்றில் உறுதியான உலோகக் கலவையின் மேல் சுத்த அலுமினியம் மெல்லிய தோலாக ஒட்டியிருக்கும். அரிப்பைத் தடுப்பது அந்தத் தோல்தான். கண்ணாடிபோல மின்ன வேண்டும் என்று தேய்த்துக்கொண்டே இருந்தால் தோல் போய்விடும்.

மகளுக்கு: ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஓட வேண்டாம். மூன்று நான்கு விமானம் போதும். மூக்கையும் இறக்கையையும் படம் எடுத்து முடித்ததும், குனிந்து சக்கரம் மடங்கும் குழிக்குள் பார்க்கச் சொல்லுங்கள். பெயின்டுக்காரர்கள் அதிகம் கைவைக்காத இடம் அது. தொழிற்சாலையில் அச்சடித்த எழுத்துகளும் பட்டறைக் கிறுக்கல்களும் சில சமயம் அங்கே அப்படியே இருக்கும். கதவோரம், காலடி பட்டுத் தேய்ந்த படி, கையால் பிடித்து ஏறிய பிடி, இவற்றையும் பார்க்கலாம். அங்கே தன்னார்வலராக நிற்கும் பெரியவர்களிடம் ‘இதில் எது அசல் இல்லை?’ என்று ஒரு கேள்வி கேட்கட்டும். அரைமணி நேரம் விடமாட்டார்கள்.

போகும் இடம்: லண்டனுக்கு வடக்கே, சாலிஸ்பரி ஹால் என்ற பழைய மாளிகையை ஒட்டி டி ஹாவிலண்ட் விமான அருங்காட்சியகம் இருக்கிறது. நான் சொன்ன முதல் மோஸ்கிட்டோ அங்கேதான் உருவானது, அங்கேயே நிற்கிறது. கூடவே வேறு இரண்டு மோஸ்கிட்டோக்களும். சின்ன இடம், அரைநாள் போதும். திறக்கும் நாட்களை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.