பேர் போட்டால் போதுமா?

அன்புள்ள ஐயா,

என் தளத்தில் வெளியான ஐந்து சிறுகதைகளை ஒரு யூடியூப் சேனல் முழுதாக வாசித்து, விளம்பரங்களோடு ஏற்றியிருக்கிறது. கேட்டால், "உங்க பேரைத்தான் போட்டிருக்கோமே மேடம்" என்கிறார்கள். நான் எதற்கும் காப்புரிமை வாங்கவில்லை. கதைகளை எனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்தால் போதும் என்கிறாள் தோழி. இதற்கிடையே தொகுப்பு போட ஒரு பதிப்பகம் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. "அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே" என்று அதில் ஒரு வரி. என்ன செய்யட்டும்?

ம., தேனி

அன்புள்ள ம.,

காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கு உரியது. எழுத்துக்கு உள்ளது பதிப்புரிமை. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை நீங்கள் யாரிடமும் வாங்க வேண்டியதில்லை. கதையை எழுதி வைத்ததுமே அது உங்களுடையது. அதை ஒலிப்பதிவு செய்யும் உரிமையும் அதற்குள் அடக்கம். ஒரு பகுதியை மேடையில் வாசிக்கச் சட்டம் விலக்கு தருகிறது. முழுக்கதையை வாசித்து ஏற்ற உங்கள் அனுமதி வேண்டும். பேர் போடுவது அவர்களுடைய கடமை, அனுமதிக்கு அது ஈடாகாது.

நீங்கள் அவர்களிடம் பேசிவிட்டீர்கள். வீடியோவை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம், தலைப்பை மாற்றலாம். அதனால் புகாருக்கு முன் ஆதாரம். ஒவ்வொரு வீடியோவுக்கும் முகவரி, ஏற்றிய தேதி, பார்வை எண்ணிக்கை, ஓடும் விளம்பரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்; திரைப்பதிவும் செய்யுங்கள். பிறகு ஒரு தாளில் இரண்டு நெடுவரிசை போட்டு, "2:10 – கதையின் மூன்றாம் பத்தி" என்று நிமிடத்துக்கு நேராக உங்கள் வரியைக் குறியுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பின்னால் வக்கீல் கேட்கப்போவது இந்தத் தாளைத்தான். அசல் கோப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேமிக்காதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் வைக்க, 2023ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் எண்ணையும் (கோப்புக்குக் கைரேகை மாதிரியான எண்) தர வேண்டும். கோப்பு மாறினால் எண்ணும் மாறிவிடும்.

அதன்பின் யூடியூபின் பதிப்புரிமைப் படிவத்தில் ஐந்து வீடியோக்களையும் குறிப்பிட்டு நீக்கக் கோருங்கள். உடனே நீக்கவும் சொல்லலாம், 7 நாள் அவகாசமும் தரலாம். நீங்கள் புனைபெயரில் எழுதுபவர் என்றால் கவனம்: படிவத்தில் தரும் சட்டப்பூர்வப் பெயர் எதிராளிக்குப் போகக்கூடும். நீக்கியது தவறு என்று அவர்கள் யூடியூபுக்கு எதிர் அறிவிப்பு கொடுத்தால், 10 வேலை நாட்களுக்குள் நீங்கள் சட்ட நடவடிக்கை எடுத்ததைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வீடியோ திரும்பிவிடலாம். வழக்குக்காக அவர்கள் ஊருக்கு அலைய வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, நீங்கள் வசிக்கும் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்க இடம் தருகிறது.

பதிவுத் தபால் உறையை மறந்துவிடுங்கள். ஒட்டாத உறையை அனுப்பிவிட்டு எதை வேண்டுமானாலும் பின்னால் உள்ளே வைக்கலாம் என்பது எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் தெரியும். அதைவிட copyright.gov.in தளத்தில் பதிவு செய்யுங்கள். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். தொகுப்பை ஒரே நூலாகக் காட்டலாம். டைரி எண் (விண்ணப்ப எண்) வந்த பிறகு ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவேட்டில் இருப்பதை நீதிமன்றம் முதல்நிலைச் சான்றாக, அதாவது எதிர்த்தரப்பு பொய்யென்று காட்டும்வரை உண்மையாக, ஏற்கும். ஒன்று, கதையின் கருவுக்கு எந்தப் பதிவும் பாதுகாப்புத் தராது. எழுதிய விதத்துக்குத்தான் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1978இலேயே சொல்லிவிட்டது.

எனக்கு அதிகக் கவலை அந்த ஒப்பந்த வரி மேல்தான். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எழுத்தாளர் பக்கம் நிற்கிறது. "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று சேர்த்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்: "தமிழ் அச்சுப் பதிப்பு மட்டும், 3 ஆண்டுகளுக்கு, இந்தியாவில்; மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை உரிமைகள் ஆசிரியரிடமே." மாற்ற மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒலி உரிமையும் அவர்களிடம் போய்விட்டால், இன்னொரு சேனல் உங்கள் கதையை வாசிக்கும்போது உரிமையாளராகப் புகார் கொடுக்க வேண்டியவர் பதிப்பாளர், நீங்கள் அல்ல.