ஸ்டியரிங் ஆடுகிறதா? ரெக்கை மாற்றுவதற்கு முன்…

கேள்வி: ஐயா, நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். 1992ஆம் ஆண்டு நிசான் சன்னி, எஃப்.பி. 13 வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாக ஸ்டியரிங் லூஸ். கந்தளாய்ப் பக்கம் ஓடும்போது கார் நேரே போக மாட்டேன் என்கிறது. இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பள்ளத்தில் விழுந்தால் முன்பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம். ஒரு கராஜில் காட்டினேன். ஸ்டியரிங்கைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, ரெக், அதாவது வளையம் சுழல்வதை முன் சில்லுகளுக்கு இடவலமாகக் கடத்தும் பற்சட்டம், போய்விட்டது, கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து ரீகண்டிஷன் ரெக் எடுத்துப் பூட்டலாம் என்றார்கள். பெரிய தொகை சொல்கிறார்கள். இன்னொரு மெக்கானிக் பாஸ், ரெக்கைக் கொஞ்சம் இறுக்கிவிட்டால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். காரை ஜக்கில் தூக்காமல், அடியில் பார்க்காமல் ரெக் போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் பிடிக்கும் வளையத்துக்கும் ரோட்டில் உருளும் சில்லுக்கும் நடுவில் பல மூட்டுகள் இருக்கின்றன: ஸ்டியரிங் தண்டின் அடியில் உள்ள ஜொயின்ட், ரெக், ரெக் எண்ட் (ரெக்கின் முனை மூட்டு), டைரொட் எண்ட் (அங்கிருந்து சில்லுக்குப் போகும் தடியின் வெளி மூட்டு), லோவர் ஆர்ம் போல் ஜொயின்ட் (சில்லைக் கீழே பிடித்திருக்கும் ஆர்மின் உருண்டை மூட்டு), வீல் பெயரிங். எது தேய்ந்தாலும் உங்கள் கைக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். அதில் விலை கூடியது ரெக். நான் கடைசியாகச் சந்தேகிப்பதும் அதைத்தான்.

முதலில் காசு செலவில்லாத வேலை. முன் ரயர் இரண்டிலும் காற்று சரியா, தேய்மானம் ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். காற்றுக் குறைந்த ரயரும், ஒரு ஓரம் மட்டும் தேய்ந்த ரயரும் காரை அலைய விடும். அப்புறம் சமதரையில் சில்லுகளை நேராக வைத்து நிறுத்துங்கள். பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சினை ஸ்டார்ட் செய்துகொள்ளுங்கள். சில்லு அசையத் தொடங்கும் வரை வளையத்தை மெதுவாக இரு பக்கமும் திருப்பி, வளையத்தின் ஓரம் எவ்வளவு தூரம் வெறுமனே நகர்கிறது என்று அடிமட்டத்தால் அளவுங்கள். பல ஜப்பான் கார்களின் கையேடுகள் 30 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கின்றன. அதற்கு மேல் போனால் எங்கோ ஒரு மூட்டுத் தேய்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எந்த மூட்டு என்று கண்டுபிடிக்க ஒரு ஆள் உதவி வேண்டும். கார் தரையிலேயே நிற்கட்டும், கியர் நியூட்ரலில், ஹாண்ட் பிரேக் இழுத்தபடி. அவர் உள்ளே இருந்து வளையத்தை இடமும் வலமுமாகச் சிறிதளவு ஆட்டட்டும். நீங்கள் முன் சில்லுக்குப் பின்னால் குனிந்து, டைரொட் எண்ட், சில்லோடு சேர்ந்து திரும்பும் ஸ்டியரிங் ஆர்மில் பூட்டியிருக்கும் இடத்தில் விரலை வையுங்கள். நல்ல மூட்டில் டைரொட் தடியும் ஆர்மும் சேர்ந்து நகரும். தேய்ந்த மூட்டில் தடி முதலில் நகரும், ஆர்ம் ஒரு கணம் பிந்தி வரும், விரலுக்குள் ‘டிக்’ என்று ஒரு தட்டுத் தெரியும். ஒரு முறை உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது. அப்படியே உள்ளே போய், ரெக்கின் ரப்பர் பூட்டை, அதாவது மூட்டை மூடியிருக்கும் உறையை, கையால் பிடித்து உள்ளே இருக்கும் ரெக் எண்டையும் பாருங்கள். ஸ்டியரிங் தண்டின் அடி ஜொயின்ட்டில் ஆட்டம் இருந்தால் கால் வைக்கும் இடத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது ஜக்கில் தூக்கி. காரின் கீழ் உடம்பை நுழைப்பதென்றால் ஸ்டாண்ட் வைக்காமல் நுழையவே வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் அவசரம் காட்டாதீர்கள். தூக்கிய சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பெயரிங். நிற்காவிட்டால் பெரும்பாலும் போல் ஜொயின்ட். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் டைரொட் எண்ட் அல்லது ரெக் எண்ட். நீங்கள் சொல்லும் ‘டக் டக்’ சத்தத்தை வைத்துப் பார்த்தால் எனக்கு போல் ஜொயின்ட்டிலும் லோவர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷிலும்தான் சந்தேகம் அதிகம். பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுத்தால் புஷ்ஷை நிச்சயம் பாருங்கள்.

நம் ஊர்க் கார்களில் ரப்பர் பூட்டுகளைத் தனியாகக் கவனிக்கச் சொல்வேன். கடல் காற்று ஒரு பக்கம், நிலாவெளி, உப்புவெளிக் கரைகளின் மணல் இன்னொரு பக்கம், மார்கழி மழையில் ரோட்டில் நிற்கும் தண்ணீர் வேறு. பூட்டில் ஒரு சின்ன வெடிப்பு வந்தால் போதும், கிறீஸுக்குள் மணலும் தண்ணீரும் போய் மூட்டை அரைத்துவிடும். பூட்டைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். கிறீஸ் கறுத்து, விரலில் நறநறவென்றால் அந்த மூட்டின் காலம் முடிந்தது. ரெக் பூட்டை அமுக்கும்போது உள்ளே எண்ணெய் குலுங்கினால் பவர் ஸ்டியரிங் ரெக்கின் சீல் ஒழுகுகிறது. அப்போதுதான் ரெக்கைப் பற்றிப் பேச வேண்டும்.

இறுக்கச் சொன்ன பாஸைப் பற்றி ஒரு வார்த்தை. ரெக்கில் இறுக்கும் திருகு இருப்பது உண்மை. ஆனால் ரெக் அதிகம் தேய்வது நடுவில், நாம் நேரே ஓடும் இடத்தில். நடுவில் ஆட்டம் போகும் அளவுக்கு இறுக்கினால், தேயாத ஓரப் பற்களில் போய்ப் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. லூஸான ஸ்டியரிங்கை விட அது ஆபத்து. மற்ற மூட்டுகள் எல்லாம் நல்லது என்று உறுதியான பிறகு, திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஓரத்திலிருந்து ஓரம் வரை தடங்கலின்றித் திரும்புகிறதா என்று பார்த்து இறுக்கத் தெரிந்தவர் செய்தால் சரி. எடுத்த எடுப்பில் இறுக்க விடாதீர்கள்.

சாமான் வாங்கும்போது கழற்றிய பழையதை மாதிரிக்குக் கொண்டுபோங்கள். டைரொட் எண்ட், போல் ஜொயின்ட் இரண்டுக்கும் ஜப்பானின் 555 நல்ல பெயர் உள்ள மார்க். பெயர் உள்ள மார்க்குக்குப் போலியும் உண்டு, ஆகவே பெட்டியின் அச்சையும் சாமானில் பொறித்த எழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய மூட்டின் தண்டு கையால் அசைக்கும்போது இறுக்கமாக அசைய வேண்டும். தொளதொளவென்று விழுந்தால் வாங்காதீர்கள். ஒரு பக்கம் போயிருந்தால் மற்றப் பக்கத்தையும் சேர்த்து மாற்றுவது நல்லது, அதுவும் அதே வயதுதானே. பில்லில் மார்க்கின் பெயரையும் காரின் மொடலையும் எழுதச் சொல்லுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. ரீகண்டிஷன் ஸ்டியரிங் சாமான்களில், வேறு வழியில்லாத ரெக்கைத் தவிர எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மூட்டுகளைப் புதிதாகவே வாங்குங்கள்.

பூட்டியதும் நட்டில், அது கழராமல் தடுக்கும் கொட்டர் பின் போட்டிருக்கிறார்களா என்று நீங்களே குனிந்து பாருங்கள். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போட அனுமதிக்காதீர்கள். பிறகு சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் எலைன்மென்ட் கட்டாயம். எலைன்மென்ட் முடிந்து ஸ்டியரிங் வளையம் கோணலாக நின்றால், அதை டைரொட்டில்தான் சரிசெய்ய வேண்டும். வளையத்தைக் கழற்றித் திருப்பிப் போடுவது வேலையை மூடி மறைப்பது.

மூட்டில் ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் திருத்தும் வரை ஹபரணைப் பக்கம் போகாதீர்கள். அந்த ரோட்டில் அந்தி நேரம் யானை குறுக்கே வரும் இடங்கள் உங்களுக்குத் தெரியும். சட்டென்று ஒடித்துத் திருப்பும் அந்தக் கணத்தில்தான் தேய்ந்த போல் ஜொயின்ட் கழன்று போகும்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். கிண்ணியாவிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் கார் விற்கும் இடமொன்றில் பழைய கார் வாங்கினேன். ஸ்டியரிங் எல்லாம் புதிதாகச் செய்தது என்றார்கள். ஆட்டம் இல்லை, ஆனால் வளைவில் திருப்பினால் தானாக நேருக்கு வருவதில்லை. கேட்டால் பழக்கம் வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: வ அலைக்கும் ஸலாம். பழக்கத்தால் இது சரியாகாது. மேலே சொன்னேனே, ஆட்டத்தை மறைக்க ரெக்கை இறுக்கியிருக்கலாம். ஷொக் அப்சோபரின் மேல் மவுண்ட் பிடித்துக்கொண்டாலும் இப்படி வரும். இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் வாங்கியது வியாபாரியிடம் என்பதால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இந்த வழி கிடைக்காது. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒரு மாதம் ஏற்கனவே போய்விட்டது. விவரம் கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அதற்கு முன் விற்றவருக்கு ஒரு கடிதம் எழுதி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் நேருக்கு வராமல் நிற்பதைக் கைத்தொலைபேசியில் வீடியோ எடுங்கள். நல்ல கராஜ் ஒன்றில் குறையை எழுதி, திகதி போட்டு வாங்குங்கள். முறைப்பாடு கொடுக்கும் வரை ரெக்கில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். திறந்துவிட்டால், பழுதாக்கியது நீங்கள் என்று சொல்ல விற்றவருக்கு வழி கிடைத்துவிடும்.