சம்பந்தியம்மாளுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறாள். முதல் குழந்தை பதினோரு மாதத்தில் லீ சிண்ட்ரோம் என்ற நோயில் போய்விட்டது. பரிசோதனைத் தாளில் மைட்டோகாண்ட்ரியா, 8993 என்று ஏதோ எண் போட்டிருக்கிறது. தாய்வழியில் வருவதாம். கருவைச் சோதித்து நல்லதை மட்டும் வைக்கும் முறையை இரண்டு தடவை செய்தும் தேறிய கரு கிடைக்கவில்லை. இப்போது நியூகாசிலில் இன்னொரு பெண்ணின் கருமுட்டையை வைத்துச் செய்யும் சிகிச்சைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார்களாம். சம்பந்தியம்மாள், "மூணு பேருக்குப் பிறக்கிற பிள்ளை எங்க வம்சமா?" என்கிறார். எனக்கும் மனசு ஒப்பவில்லை. நோய் என்னிடமிருந்து போனதா என்ற நினைப்பு வேறு தூங்கவிடவில்லை.
— பெயர் வேண்டாம், கோவில்பட்டி

பதில்: கடைசியில் எழுதியிருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆமாம், உங்களிடமிருந்து போயிருக்கலாம். உங்களுக்கு உங்கள் அம்மாவிடமிருந்து, அவருக்கு ஆச்சியிடமிருந்து. புதிதாக உங்கள் மகளிடமே தோன்றியிருக்கவும் கூடும். மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் எரியும் அடுப்பு. அதற்கென்று தனியாக 37 மரபணுக்கள் உண்டு. கருமுட்டையோடு வருவது, அப்பாவிடமிருந்து வராது. ஒரே செல்லில் நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கும். உங்கள் தாளில் இருக்கும் 8993 என்பது மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத் தொடரில் பிழை நேர்ந்த இடத்தின் எண். அந்த மாற்றத்தில், கெட்டது குறைவாக இருப்பவர் ஒரு தொந்தரவும் இல்லாமல் நடமாடலாம். 90 விழுக்காட்டைத் தாண்டிய குழந்தைக்குத்தான் பெரும்பாலும் லீ சிண்ட்ரோம். எந்த முட்டைக்கு எவ்வளவு போகும் என்பது குலுக்கல் சீட்டு மாதிரி. இதில் நீங்கள் செய்த தப்பு என்ன?

எனக்கு ஒரு முகம் மறக்கவில்லை. 1988இல் ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் இருந்தேன். அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் பிரசவம். முதல் இரண்டும் ஒரு வயது தாண்டவில்லை. தலை நின்று, குப்புற விழுந்து, ஆள் பார்த்துச் சிரித்த பிள்ளை. ஒரு காய்ச்சல் வந்து போனதும் தலை மறுபடி தொங்கிவிட்டதாம். கண் ஒரு பக்கமாக ஒதுங்கும். தூக்கத்தில் பெருமூச்சு பெருமூச்சாக விடும். இரண்டுக்கும் அதே கதை. நான் கேஸ் ஷீட்டில் 'மூளைக்காய்ச்சல்?' என்று எழுதினேன். அதில் கேள்விக்குறி மட்டும்தான் சரி. மாமியார் வார்டு வாசலில் நின்று, "இவ அக்காளுக்கும் இப்படித்தான் போச்சு, பிள்ளைதின்னிக் குடும்பம்" என்று கத்தினார். அக்காளுக்கும் என்றால் தாய்வழியில் வரும் நோயாக இருக்கலாம் என்ற அந்தத் துப்பைப் பிடித்திருக்க வேண்டியவள் நான். வெறும் வசவு என்று விட்டுவிட்டேன்.

சரி, வம்சத்துக்கு வருவோம். உங்கள் மாப்பிள்ளைக்கு மைட்டோகாண்ட்ரியா கொடுத்தவர் சம்பந்தியம்மாள். அது மாப்பிள்ளையோடு நின்றுவிட்டது. நியூகாசில் போனாலும் போகாவிட்டாலும் பேரப்பிள்ளைக்கு அதில் ஒரு துளி வரப்போவதில்லை. முகம், நிறம், மூக்கு, அவர்கள் வீட்டுச் சர்க்கரை வியாதி வரைக்கும் உட்கருவில் இருக்கும் இருபதாயிரம் மரபணுக்களின் வேலை. அவை உங்கள் மகளும் மாப்பிள்ளையும் கொடுப்பவை. இந்தச் சிகிச்சையில் ஒரு கோடு அறுகிறது என்றால் அது உங்கள் ஆச்சி வழி வந்த கோடு. வருத்தப்பட உரிமை உள்ளவர் நீங்கள்தான், அவரில்லை. இதை அப்படியே சொல்ல வேண்டாம், சண்டை வரும்.

செய்முறை இதுதான். மகளின் முட்டை, கொடுக்கும் பெண்ணின் முட்டை இரண்டையும் மாப்பிள்ளையின் விந்தணுவால் கருவாக்குவார்கள். சில மணி நேரத்தில் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றிலும் இரண்டு சின்ன வட்டங்கள் தெரியும், ஒன்று தாயுடையது, மற்றது தகப்பனுடையது. கொடுத்தவளின் முட்டையிலிருந்து அந்த இரண்டையும் எடுத்துப் போட்டுவிட்டு, உங்கள் மகளின் இரண்டு வட்டங்களையும் கண்ணாடி ஊசியால் உறிஞ்சி அங்கே வைப்பார்கள். அந்த முட்டையில் இருப்பது கொடுத்தவளின் நல்ல மைட்டோகாண்ட்ரியா. எடுத்துப் போடுகிறார்களே, அங்கே ஒரு கரு கலைகிறது. கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்ததற்கு அது ஒரு காரணம். எனக்கு அது தடையாகத் தோன்றவில்லை. உங்கள் மகளுக்குத் தோன்றினால் மதிக்க வேண்டும்.

2015 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மக்களவை 382க்கு 128 என்ற வாக்கில் இதை அனுமதித்தது. ஆனாலும் ஒவ்வொரு பெண்ணின் விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் ஒப்புதல் தருகிறார்கள். 2025 ஜூலையில் நியூகாசில் குழு வெளியிட்ட கணக்கு: 22 பெண்களுக்குச் செய்ததில் 7 பேருக்கு 8 குழந்தைகள், ஒரு ஜோடி இரட்டையர். இன்னொருவர் அப்போது கர்ப்பம். வட்டங்களோடு பழைய மைட்டோகாண்ட்ரியாவும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போகும். அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் பார்த்தபோது சிலருக்குக் கண்ணில் படாத அளவு, அதிகபட்சம் 16 விழுக்காடு. 90 எங்கே, 16 எங்கே. ஆனால் மூத்த பிள்ளைக்கே பள்ளி வயது வரவில்லை. ஆபத்து குறையும் என்று சொல்லலாம். போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மகளிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. முட்டையையே முழுதாகத் தானம் வாங்கினால் இந்த நோய் பிள்ளையிடம் எட்டிக்கூடப் பார்க்காது. இத்தனை பாடும் தன் ஜாடையில் ஒரு பிள்ளை வேண்டும் என்பதற்காகத்தான். அந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன், எனக்கும் இருந்தது. ஆனால் அது அவள் ஆசையா, உங்கள் இரு வீட்டாரின் ஆசையா?

மூன்றாவது ஆள் என்கிறீர்களே, அவளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நாள்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டு, மயக்கத்தில் படுத்து முட்டை கொடுப்பவள். அங்கே சட்டப்படி அவள் தாயாக மாட்டாள். பிள்ளைக்கு 16 வயதானால் அவளைப் பற்றிய சில விவரங்கள் கேட்டு வாங்கலாம், யார் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியைப் பொய் ஆதார் அட்டை காட்டி முட்டை கொடுக்கவைத்த வழக்கைப் படித்தவள் நான். அதனால், விதி இல்லாத நாட்டில் சீக்கிரம் முடித்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள்.

அப்புறம், உங்களுக்குத் தங்கை இருக்கிறாரா? அவருக்குப் பெண் இருக்கிறாளா? 8993 என்று போட்ட அந்தத் தாளின் நகல் ஒன்று அவளுக்குப் போகட்டும். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று உங்கள் வீட்டில் மறைக்கச் சொல்வார்கள். இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.